பிள்ளைகளின் கைக்கெட்டும் பெருநாள்

பெருநாள் என்றால் என்ன என்று நம் வீட்டுப் பிள்ளைகளை அழைத்து ஒரு முறை கேட்டுப் பார்ப்போம். புத்தாடை என்று ஒரு பிள்ளை சொல்லும். பிரியாணி என்று மற்றொன்று சொல்லும். பெரியவர்கள் கையில் வைக்கும் பெருநாள் காசு என்று மூன்றாவது பிள்ளை சொல்லும். இவற்றுள் எதுவும் தவறான விடையன்று. பெருநாள் மகிழ்ச்சிக்குரிய நாளே. ஆயினும் பத்து வயது நிரம்பிய பின்னும் இதே விடைதான் வருமாயின், பெற்றோராகிய நாம் சற்று நின்று சிந்திக்கக் கடமைப்பட்டிருக்கிறோம். பெறுவதற்கென்றே வரும் நாளாகப் பெருநாளை அறிந்து வளரும் பிள்ளை, பொருளீட்டும் பருவத்தை எய்தும்போது, அந்நாளில் பிறருக்குக் கொடுக்க வேண்டியதும் உண்டு என்பதை யாரிடம் சென்று கற்கும்?

இதனை அறிவுரையால் மட்டும் கற்பித்துவிட இயலாது. நோன்பு என்றால் இறையச்சம், குர்பானி என்றால் தியாகம் என்று பிள்ளைகளை மனப்பாடம் செய்விக்கலாம். அச்சொற்கள் நாவோடு நின்றுவிடும். பிள்ளையின் உள்ளத்துக்குச் செல்லும் வழி அதன் கண்ணிலும் கையிலும் காலிலும் இருக்கிறது. விளையாட்டைப் போன்றதொரு வேலையை அதன் கையில் கொடுத்து, அவ்வேலையின் பொருளை அதன் காதில் சொல்ல வேண்டும். இது புதிதாக வந்த முறையன்று. பெருமானார் (ஸல்) அவர்கள் காலத்து மதீனத்துத் தாய்மார்கள் கையாண்ட முறையே ஆகும்.

கம்பளிப் பொம்மை

ஆஷூரா நாளன்று நோன்பு நோற்குமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அன்சாரிகளின் குடியிருப்புகளுக்குச் சொல்லியனுப்பினார்கள். அதன் பின்னர் அந்நாளில் தாங்கள் நோன்பு நோற்றதையும், தங்கள் பிள்ளைகளையும் நோற்கச் செய்ததையும் ருபைய்யிஉ பின்த் முஅவ்வித் (ரலி) என்னும் அம்மையார் அறிவித்திருக்கிறார். பிள்ளைகளுக்காக அவர்கள் கம்பளியில் பொம்மை செய்து வைத்திருந்தனர். பசியால் பிள்ளை அழும்போது அப்பொம்மையைக் கையில் கொடுத்து, நோன்பு திறக்கும் நேரம் வரை அதனை மகிழ்வித்து வந்தனர். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நபிமொழித் தொகுப்புகளிலும் இச்செய்தி இடம்பெற்றுள்ளது.

இச்சிறு செய்தியில் பெற்றோருக்குப் பெரும் பாடம் இருக்கிறது. சின்னஞ்சிறியவர்கள்தாமே என்று அத்தாய்மார்கள் பிள்ளைகளை ஒதுக்கி வைக்கவில்லை. அழுதமைக்காக அதட்டவும் இல்லை. பிள்ளை வணக்கத்தின் சுவையை அறிய வேண்டும், அது பிள்ளைக்குச் சுமையாகவும் ஆகிவிடக் கூடாது என்னும் இரண்டையும் ஒருசேர எண்ணினர். இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு நம் சிறப்பு நாள்களை ஒவ்வொன்றாகக் காண்போம்.

பிறையில் தொடங்குவோம்

நம் நோன்பும் பெருநாளும் ஹஜ்ஜும் பிறையைக் கொண்டே அமைகின்றன. பிறைகள் மனிதர்களுக்கும் ஹஜ்ஜுக்கும் காலங்காட்டிகளாக இருப்பதைத் திருமறை எடுத்துரைக்கிறது. எனவே முதல் பாடத்தை வானத்தில் தொடங்குவதே முறை.

ஒரு மாதம் எத்தனை நாள்? பெருமானார் (ஸல்) அவர்கள் இதனைத் தம் விரல்களாலேயே விளக்கிக் காட்டினார்கள். பத்து விரல்களையும் மும்முறை விரித்துக் காட்டி, மூன்றாம் முறை ஒரு கட்டை விரலை மடக்கிக்கொண்டார்கள். அது 29. ஒரு விரலும் மடங்காமல் மும்முறை விரித்தால் 30. எழுதப் படிக்கத் தெரியாத குழந்தைக்கும் விளங்கும் கணக்கு இது. நம் பிள்ளையையும் அவ்வாறே விரல்களை விரித்துக் காட்டச் சொல்லலாம்.

29ஆம் நாள் சூரியன் மறைந்ததும் பிள்ளைகளை மாடிக்கோ திறந்த வெளிக்கோ அழைத்துச் சென்று மேற்கு வானத்தைப் பார்க்கச் செய்யுங்கள். பிறை தென்பட்டால் புது மாதம் பிறந்தது; மேகம் மறைத்தால் 30 நாள்களை நிறைவு செய்ய வேண்டும் என்னும் நபிவழியை அங்கேயே சொல்லுங்கள். ஒரு தாளில் 30 கட்டங்கள் வரைந்து சுவரில் ஒட்டி, அன்றன்று கண்ட நிலவின் வடிவத்தைப் பிள்ளையே வரையட்டும். மாத நடுவில் நிலவு முழுமை பெறுவதைக் காணும்போது, 13, 14, 15 ஆகிய மூன்று நாள்களிலும் நோன்பு நோற்பது சிறப்புடையது என்பதைச் சேர்த்துச் சொல்லலாம்.

நோன்பு ஏன் ஒரே பருவத்தில் வருவதில்லை என்று பிள்ளை கேட்கும். பிறைக் கணக்கில் ஓர் ஆண்டுக்கு 354 அல்லது 355 நாள்கள். சூரியக் கணக்கைவிட இது ஏறத்தாழ 11 நாள்கள் குறைவு. தமிழகத்தில் நோன்புப் பெருநாள் 2024இல் ஏப்ரல் 11ஆம் நாளிலும், 2025இல் மார்ச் 31ஆம் நாளிலும் வந்தது இதனால்தான். 2000ஆம் ஆண்டில் ஜனவரியில் ஒன்று, டிசம்பரில் ஒன்று என இரண்டு நோன்புப் பெருநாள்கள் வந்ததும் இதனால்தான். சுமார் 33 ஆண்டுகளில் ரமலான் எல்லாப் பருவங்களையும் சுற்றி வந்துவிடுகிறது. வீட்டில் மூத்தவராக இருக்கும் நன்னாவிடமோ நன்னியிடமோ சென்று, அவர் முதன்முதலில் நோன்பு நோற்றது கோடையிலா மழைக்காலத்திலா என்று கேட்டு வருமாறு பிள்ளையை அனுப்புங்கள். அந்த ஒரு கேள்வியில் வானநூலும் குடும்ப வரலாறும் பிள்ளைக்குக் கிடைத்துவிடும்.

கஞ்சியும் பங்கீடும்

பருவமெய்தாத பிள்ளைகள் மீது நோன்பு கடமையன்று. இதனைப் பெற்றோர் மறக்கலாகாது. பாதி நாள் நோற்கும் பிள்ளையைப் பாராட்டலாம். இயலாத பிள்ளையை உடன்பிறந்தாரோடு ஒப்பிட்டு நாணச் செய்வது தகாது. நோன்பு நோற்காத பிள்ளைக்கும் ரமலானில் வேலை உண்டு. பேரீச்சம்பழத்தைத் தட்டுகளில் எடுத்து வைக்கலாம். தண்ணீர்க் குவளைகளை நிரப்பலாம். பாங்கு ஒலிப்பதைக் காதுகொடுத்துக் கேட்டு வீட்டாருக்கு அறிவிக்கலாம்.

தமிழகத்துப் பள்ளிவாசல்களில் அசருக்குப் பின் நோன்புக் கஞ்சி வாங்கப் பிள்ளைகள் தூக்குவாளியுடன் வரிசையில் நிற்கும் காட்சியை நாம் அறிவோம். அப்பிள்ளையின் கையில் இன்னொரு வாளியையும் கொடுத்தனுப்புங்கள். ஒன்று நம் வீட்டுக்கு. மற்றது தெருவில் தனித்து வாழும் முதியவருக்கு. அவர் எந்தச் சமயத்தைச் சேர்ந்தவராயினும் அண்டை வீட்டார் அண்டை வீட்டாரே. நோன்பு திறக்கச் செய்பவருக்கும் நோன்பாளிக்குரிய நன்மை உண்டு என்பதை, கஞ்சியைக் கொடுத்துவிட்டுத் திரும்பும் பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள். அதன் முகம் மலரும்.

கையால் அளக்கும் தருமம்

பெருநாள் தொழுகைக்கு முன்னர் வழங்க வேண்டிய ஃபித்ரா, பிள்ளைகளுக்குக் கற்பிக்கவே அமைந்தது போன்ற ஒரு கடமையாகும். சிறியவர், பெரியவர், ஆண், பெண் என்ற வேறுபாடின்றி ஒவ்வொருவர் பேரிலும் ஒரு ஸாஉ பேரீச்சம்பழம் அல்லது ஒரு ஸாஉ வாற்கோதுமை கொடுக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விதித்தார்கள். தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கும் அதில் கணக்கு உண்டு.

ஸாஉ என்பது நான்கு முத். முத் என்பது நடுத்தர மனிதர் ஒருவரின் இரு கைகளும் சேர்ந்து கொள்ளும் அளவு. அரிசியைப் பரப்பி வைத்து, வாப்பாவின் இரு கைகளால் நான்கு முறை அள்ளிப் போடச் சொல்லுங்கள். பின்னர் அதே அளவை எட்டப் பிள்ளையின் சிறு கைகளுக்கு எத்தனை முறை தேவைப்படுகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். அளந்து முடித்ததும், இதில் ஒரு பங்கு உன் பேரில் ஏழைக்குச் செல்கிறது என்று சொல்லுங்கள். மத்ஹபுக்கேற்பவும் தானியத்துக்கேற்பவும் அளவு வேறுபடுவதால், கொடுக்கும்போது நம் ஊர் ஜமாஅத் அறிவிக்கும் அளவையே கொள்ள வேண்டும். பணமாகக் கொடுக்கும் வீடுகளில் பிள்ளையே எண்ணி உறையில் இடட்டும்.

காரணம் சொல்லிக் கற்பிப்பதும் நபிவழியே. பேரர் ஹசன் (ரலி) அவர்கள் சிறுவராக இருந்தபோது, தருமத்துக்கென வந்திருந்த பேரீச்சம்பழம் ஒன்றை எடுத்து வாயிலிட்டார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் அதனைத் துப்பச் செய்தார்கள். அதோடு விட்டுவிடாமல், தருமப் பொருளை நாம் உண்பதில்லை என்பதையும் எடுத்துச் சொன்னார்கள். விவரம் அறியாத வயதுதானே என்று விளக்கத்தை அவர்கள் ஒத்திப்போடவில்லை.

பெருநாள் காலையில்

நோன்புப் பெருநாளன்று தொழுகைக்குப் புறப்படுமுன் பேரீச்சம்பழங்களை ஒற்றைப்படை எண்ணிக்கையில் உண்பது நபிவழி. ஒவ்வொருவர் தட்டிலும் மூன்றோ ஐந்தோ ஏழோ எடுத்து வைக்கும் பொறுப்பைச் சிறு பிள்ளையிடம் ஒப்படையுங்கள். ஒற்றைப்படை எது, இரட்டைப்படை எது என்பதையும் அது கற்றுக்கொள்ளும். பெருநாள் தொழுகைக்கு ஒரு வழியில் சென்று வேறு வழியில் திரும்புவதும் நபிவழியே. திரும்பும் வழியைப் பிள்ளையே தேர்ந்து முன்னே நடக்கட்டும். வழியில் காண்போருக்கெல்லாம் அதுவே முதலில் ஸலாம் சொல்லட்டும்.

அன்று விளையாட்டுக்கும் இடமுண்டு. பெருநாளன்று அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டி விளையாட்டு நிகழ்த்தியபோது, அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சலிக்கும் வரை பார்த்திருக்கப் பெருமானார் (ஸல்) அவர்கள் துணைநின்றார்கள். பெருநாளில் பாடிய சிறுமியரை அபூபக்ர் (ரலி) அவர்கள் கண்டித்தபோது, அவர்களை விட்டுவிடுமாறு கூறினார்கள். பிள்ளைகளின் சிரிப்பொலி பெருநாளுக்கு இழுக்காகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஸஃபாவும் மர்வாவும்

ஹஜ்ஜுப் பெருநாளின் வரலாற்றில் நடுநாயகமாக இருப்பவர் ஒரு குழந்தை. தாகத்தால் தவித்த பாலகர் இஸ்மாயீல் (அலை) அவர்களுக்குத் தண்ணீர் தேடி, அன்னை ஹாஜரா (அலை) அவர்கள் ஸஃபாவுக்கும் மர்வாவுக்குமிடையே ஏழு முறை ஓடினார்கள். அவ்வேழு முறையும் சேர்த்து ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தொலைவாகும். மாடியிலோ முற்றத்திலோ இரண்டு இடங்களைக் குறித்து, காலிக் குவளையுடன் ஏழு முறை நடந்து வரச் சொல்லுங்கள். ஸஃபாவில் தொடங்கினால் ஏழாம் முறை எங்கே முடியும் என்று புதிராகக் கேளுங்கள். மர்வாவில் என்று நடந்து பார்த்தே பிள்ளை சொல்லும். இறுதியில் அக்குவளையில் குளிர்ந்த நீரை ஊற்றிக் கொடுத்து, ஸம்ஸம் ஊற்றெடுத்த வரலாற்றைச் சொல்லுங்கள். இது வணக்கமன்று, வரலாற்றைக் காலால் அறியும் விளையாட்டே என்பதையும் தெளிவுபடுத்துவது நலம்.

குர்பானியின் வரலாற்றைச் சொல்லும்போது கவனம் வேண்டும். கத்தியோடு கதையை நிறுத்தினால் சிறு பிள்ளை அஞ்சும். தாம் கண்ட கனவைச் சொல்லி மகனின் கருத்தை இப்ராஹீம் (அலை) அவர்கள் கேட்டார்கள். மகனை இறைவன் காத்தான். பகரமாகப் பிராணியை அருளினான் என்று முழுமையாகச் சொல்ல வேண்டும். சில நாள்கள் தழை கொடுத்து வளர்த்த ஆட்டுக்காகப் பிள்ளை அழுதால் எள்ளி நகையாடாதீர்கள். அறுக்கும்போதும் பிராணியை வதைக்கலாகாது, கத்தியை நன்கு தீட்டிக்கொள்ள வேண்டும் என்று கட்டளையிட்ட மார்க்கம் நம்முடையது. பிள்ளையின் கண்ணீர் அந்த இரக்கத்தின் தொடக்கமே. இறைச்சியும் இரத்தமும் இறைவனைச் சென்றடைவதில்லை, நம் இறையச்சமே சென்றடைகிறது என்னும் திருமறைக் கருத்தை அப்போது சொன்னால் அது நெஞ்சில் பதியும். பின்னர் இறைச்சியை வீட்டுக்கும் உறவினருக்கும் ஏழைகளுக்கும் எனப் பங்கிடும்போது, ஏழைகளின் பங்கைச் சுமந்து செல்லும் வேலையைப் பிள்ளைக்கே கொடுங்கள்.

வாரந்தோறும் ஒரு பெருநாள்

பெருநாள்கள் ஆண்டுக்கு இரண்டு முறையே வருகின்றன. ஆனால் வெள்ளிக்கிழமை வாரந்தோறும் வருகிறது. குளித்து, தூய ஆடை அணிந்து, நறுமணம் பூசி, நேரத்தோடு பள்ளிக்குச் செல்லும் அந்நாளில், தருமப் பெட்டியில் இடும் காசைப் பிள்ளையின் கையில் கொடுத்து இடச் சொல்லுங்கள். ஐம்பது வெள்ளிக்கிழமைகள் காசு இட்ட கை, பெருநாளன்று பிறர் கொடுப்பதை வாங்குவதோடு நின்றுவிடாது.

ஓர் எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. பிள்ளை ஏழைக்குக் கொடுப்பதைக் கைப்பேசியில் படம் பிடித்து ஊராருக்கெல்லாம் அனுப்பும் வழக்கம் இன்று பெருகிவருகிறது. வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாதவாறு கொடுப்பவரின் சிறப்பை நபிமொழி போற்றுகிறது. வாங்குபவரின் வீட்டிலும் நம் பிள்ளையின் வயதில் ஒரு பிள்ளை இருக்கும். அப்பிள்ளைக்கும் மானம் உண்டு. கொடுக்கக் கற்பிக்கும் நாம், மறைவாகக் கொடுக்கவும் சேர்த்தே கற்பிக்க வேண்டும்.

வருகின்ற பெருநாளில் புத்தாடையோடு பொறுப்பு ஒன்றையும் நம் பிள்ளைகளுக்கு வழங்குவோம். பெருநாள் என்றால் என்ன என்று மீண்டும் கேட்கும்போது, பிறை பார்த்ததையும் அரிசி அளந்ததையும் முதியவர் வீட்டுக் கதவைத் தட்டியதையும் அவர்கள் சொல்வார்கள். எல்லாம் வல்ல அல்லாஹ் நம் மக்களைக் கண்குளிர்ச்சியாக ஆக்கி, கொடுத்து மகிழும் கைகளை அவர்களுக்கு அருள்வானாக! ஆமீன்.