வேலையில் இருக்கும்போதே ஒரு பயிற்சி

என் நண்பர் ஒருவர் சவூதி அரேபியாவில் 12 ஆண்டுகள் ஒரே நிறுவனத்தில் கணக்கராக இருந்தார். தனியார் நிறுவனங்கள் தம் நாட்டவரைக் குறித்த விகிதத்தில் அமர்த்த வேண்டுமென்ற ‘நிதாகத்’ திட்டம் 2011இல் அங்கே வந்தது. அவர் வேலையிழந்து ஊர் திரும்பினார். சென்னையில் நேர்முகத் தேர்வு. “உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்” என்ற முதல் கேள்விக்கே நா வறண்டுவிட்டது. தொழில் தெரியாமலன்று, 12 ஆண்டுகளாக எவரிடமும் அதைச் சொல்லிப் பழக்கமில்லை.

கையில் வேலை இருக்கும்போது அச்சம் குறைவு. அப்போதே ஆறு மாதத்திற்கு ஒருமுறையேனும், எப்பொறுப்பை வகித்தோம், எச்சிக்கலை எவ்வாறு தீர்த்தோம் என வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கலாம். துணைவியோ விவரமறிந்த நண்பரோ கேள்வி கேட்கட்டும்.

பயிற்சிக்கென்றே பிற நிறுவனங்களின் நேர்முகத் தேர்வுக்குச் செல்வோரும் உளர். சேரும் எண்ணம் சிறிதுமின்றிச் செல்வது எனக்கு உடன்பாடன்று. வேலையற்ற ஓர் இளைஞர் அமர வேண்டிய நாற்காலியல்லவா அது! நல்ல இடமாயின் சேர்வோம் என்ற எண்ணமிருந்தால் தாராளமாகச் செல்லலாம். ஆனால் காய்ச்சலென்று பொய் சொல்லி விடுப்பெடுத்தன்று.

நண்பருக்கு இப்போது வேலை இருக்கிறது. ஆயினும் சில வெள்ளிக்கிழமைகளில், அஸர் தொழுகைக்குப் பின், கல்லூரியில் பயிலும் மகனை எதிரே அமர்த்திக் கேள்வி கேட்கச் சொல்கிறார்.