சிறு விமானம், பெரிய வானம் – 9: விக்கிரவாண்டி வெயிலில் ஐஸ்

சென்னையிலிருந்து திருச்சிப் பக்கம் காரில் போகிறவர்களுக்கு விக்கிரவாண்டி என்றால் டோல்கேட். பஸ்ஸில் போகிறவர்களுக்கு, டிரைவர் நிறுத்துகிற மோட்டல். சித்திரை வெயிலில் தார்ச்சாலை கானலாக நெளியும் அந்த இடத்திலிருந்து நேர் மேலே ஐந்து கிலோமீட்டர் ஏறினால் தண்ணீர் உறைகிற குளிர். டோல்கேட்டிலிருந்து முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலைக்குப் போகிற தூரம்தான், ஏறக்குறைய.

கணக்கு எளிது. தரையில் 32 டிகிரி என்றால், ஒவ்வொரு கிலோமீட்டர் உயரத்துக்கும் சராசரியாக ஆறு, ஆறரை டிகிரி குறையும். ஐந்தாவது கிலோமீட்டரில் பூஜ்ஜியம். மீனம்பாக்கத்திலிருந்து வானிலைத் துறை காலையும் மாலையும் விடுகிற பலூன் இதைத்தான் அளந்து சொல்கிறது. வெயில் காலமோ மழைக்காலமோ, நம் பக்கத்தில் உறைநிலை 16,000, 17,000 அடி வாக்கில்தான் நிற்கும்.

பயிற்சிப் பள்ளிகளில் பார்க்கிற செஸ்னா 172எஸ் விமானம் அதிகபட்சம் 14,000 அடி வரை ஏறும். அதன் தம்பி 152 இன்னும் ஒரு 700 அடி ஏறலாம். ஆக, விழுப்புரம் மாவட்டத்து வானத்தில் இந்தச் சிறு விமானங்கள் முக்கி முக்கி ஏறினாலும் உறைநிலையைத் தொட முடியாது. அப்படியானால் இங்கே ஐஸ் பயமே இல்லையா? இருக்கிறது. அது இறக்கையில் பிடிக்காது, எஞ்சினுக்குள் பிடிக்கும். குளிர் நாட்டுப் புத்தகங்களை வைத்துப் படிக்கிற நம் பிள்ளைகள் இறக்கை ஐஸின் வகைகளைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்துவிட்டு, எஞ்சின் ஐஸை ஒரு பத்தியில் தாண்டிப் போகிறார்கள் என்பது என் குறை.

முதலில் இறக்கையை முடித்துவிடுவோம்.

மேகத்திலுள்ள நீர்த்துளி பூஜ்ஜியம் டிகிரியைத் தொட்டதும் உறைந்துவிடாது. ஒட்டிக்கொள்ளத் தோதான ஒரு தூசித் துகள் கிடைக்கிறவரை மைனஸ் பத்து, மைனஸ் இருபதிலும் அது நீராகவே மிதக்கும். விமானம் அதற்குள் நுழைந்தால், இறக்கையின் முன்விளிம்பில் மோதிய கணத்தில் உறைந்துபோகும். சின்னத் துளிகள் வெள்ளையாக, சொரசொரப்பாகப் படியும். பெரிய துளிகள் கொஞ்சம் பின்னால் வழிந்து கண்ணாடிபோல் இறுகும், அதுதான் மோசமானது. எடை கூடுவதைவிட இறக்கையின் வடிவம் கெடுவதுதான் ஆளைக் கொல்கிறது. உப்புத்தாள் அளவுக்குச் சொரசொரப்பு இருந்தாலே தூக்குவிசை 30 சதவீதம் வரை குறையலாம், இழுவை 40 சதவீதம் வரை கூடலாம் என்பது பயிற்சியில் காலங்காலமாகச் சொல்லப்படும் கணக்கு.

தப்பிக்கும் வழியை 1927இலேயே ஒருவர் செய்து காட்டிவிட்டார். நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்குத் தனியாகப் பறந்த சார்லஸ் லிண்ட்பர்க், அட்லாண்டிக்கின் மேல் இரவில் 10,000 அடி உயரத்தில் மேகத்துக்குள் புகுந்தார். கையை வெளியே நீட்டினால் ஊசி குத்துவதுபோல் இருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தார்: இறக்கையைத் தாங்கும் கம்பத்தில் ஐஸ். வந்த வழியே திரும்பி மேகத்தைவிட்டு வெளியே வந்தார். பிறகு பெரிய மேகங்களைச் சுற்றிக்கொண்டே போனார். எரிபொருள் வீணாகும், நேரம் போகும் என்று கணக்குப் பார்த்துக்கொண்டு உள்ளேயே இருந்திருந்தால் பாரிஸில் அவருக்காகக் கூடிய கூட்டம் ஏமாந்து திரும்பியிருக்கும்.

எல்லோருக்கும் திரும்ப மனம் வருவதில்லை. 2011 டிசம்பர் 20ஆம் தேதி, நியூ ஜெர்சியிலிருந்து ஒற்றை எஞ்சின் டிபிஎம் 700 தனியார் விமானம் ஒன்று கிளம்பியது. உள்ளே இரண்டு குழந்தைகள் உட்பட ஐந்து பேர். மேலே மேகத்தில் ஐஸ் இருப்பதாகத் தகவல் வந்திருக்கிறது என்று கட்டுப்பாட்டு அறை முன்கூட்டியே சொன்னது. வேகமான விமானம், ஐஸ் நீக்கும் ரப்பர் பட்டைகளும் உண்டு. சட்டென்று கடந்து மேலே போய்விடலாம் என்பது விமானியின் கணக்கு. கொஞ்ச நேரத்தில் விமானம் கட்டுப்பாட்டை இழந்து, சுழன்று, தேசிய நெடுஞ்சாலை ஒன்றின் மேலேயே விழுந்தது. ஒருவரும் பிழைக்கவில்லை.

மூன்று வருடம் கழித்து, 2014 டிசம்பர் 8ஆம் தேதி, மேரிலாந்து மாநிலத்தின் கெய்தர்ஸ்பர்க்கில் ஃபீனம் 100 என்ற சிறு ஜெட், தரையிறங்கும் நேரத்தில் ஒரு வீட்டின் மேல் விழுந்தது. விமானத்தில் மூன்று பேர், வீட்டுக்குள் ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும் இறந்தார்கள். ஐஸ் நீக்கும் கருவி அந்த விமானத்தில் பழுதில்லாமல் இருந்தது. விமானி சுவிட்சைப் போடவே இல்லை. போட்டிருந்தால் தரையிறங்கும் வேகத்தைக் கூட்ட வேண்டியிருக்கும், நீளமான ஓடுதளம் தேவைப்பட்டிருக்கும்.

ரப்பர் பட்டையோ, இறக்கை விளிம்பில் கசியும் கிளைகால் திரவமோ, எஞ்சினின் சூடான காற்றோ, எது இருந்தாலும் அது வெளியேற அவகாசம் வாங்கித் தருவதற்குத்தான். உள்ளே குடியிருப்பதற்கு அல்ல. பார்த்த உடனே திரும்பு, அல்லது சூடான காற்றுக்கு இறங்கு, அல்லது மேகத்துக்கு மேலே போக முடிகிற விமானமானால் ஏறு. ஆட்டோபைலட்டைக் கழற்றிவிட்டுக் கையால் பிடி. இல்லாவிட்டால் இறக்கை கெடுவதை அது சத்தமில்லாமல் சமாளித்துக்கொண்டே வந்து, தாங்க முடியாத நேரத்தில் உன் மடியில் போட்டுவிடும்.

இறங்குவது என்பது குளிர் நாட்டில் எப்போதும் கைகொடுக்காது. அங்கே தரையே மைனஸில் இருக்கும். நமக்கு அந்தக் கொடுமை இல்லை. கிங் ஏர் மாதிரி தனியார் டர்போபிராப்போ, திருச்சிக்குப் போகிற ஏடிஆரோ விழுப்புரத்துக்கு மேல் மழைமேகத்தில் ஐஸ் பிடித்துக்கொண்டால், கீழே ஐந்து கிலோமீட்டர் வெதுவெதுப்பான காற்று காத்திருக்கிறது. தமிழ்நாட்டு வானம் விமானிக்குத் தருகிற பெரிய சலுகை இது.

இனி எஞ்சினுக்கு வருவோம்.

கார்புரேட்டர் என்றால் விழுப்புரம் பைக் மெக்கானிக் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2020இல் பி.எஸ்.6 வந்தபின் புது வண்டிகளில் அது பெரும்பாலும் போய்விட்டது. பழைய செஸ்னாக்களில் இன்னும் இருக்கிறது. காற்று ஒரு குறுகிய தொண்டை வழியாக வேகமாகப் போகும்போது அழுத்தம் குறைந்து குளிரும். அங்கேயே பெட்ரோல் தெளிக்கப்பட்டு ஆவியாகும். ஊசி போடும் முன் நர்ஸ் தடவுகிற ஸ்பிரிட் தோலைச் சில்லிட வைப்பதுபோல, ஆவியாகிற பெட்ரோல் சுற்றியிருக்கிற சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். இரண்டும் சேர்ந்தால் அந்தத் தொண்டைக்குள் வெப்பம் 30 டிகிரிக்கு மேலும் குறையலாம். வெளிக்காற்றில் ஈரம் இருந்தால் அது அங்கேயே உறையும். வெளியே 38 டிகிரி, ஈரப்பதம் வெறும் 50 சதவீதம் என்றாலும் கார்புரேட்டரில் ஐஸ் பிடிக்க வாய்ப்புண்டு என்கிறது அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் விமானி கையேடு. படித்தால் ஏதோ நம் ஊர் வானிலை அறிக்கைபோல் இருக்கிறது.

ஆனால் உண்மையான ஆபத்துக் காலம் சித்திரை அல்ல, மார்கழி. திண்டிவனத்துக்கும் விக்கிரவாண்டிக்கும் நடுவே லாரிகள் லைட் போட்டுக்கொண்டு ஊர்கிற பனிமூட்டக் காலை. தரையில் 22 டிகிரி, காற்று ஈரத்தில் ஊறிக் கிடக்கிறது. வெயில் ஏறி மூட்டம் கலைந்ததும் பயிற்சி விமானம் கிளம்பி 3,000 அடிக்கு வருகிறது. அங்கே 16, 17 டிகிரி. கார்புரேட்டர் ஐஸுக்கு இதைவிட உகந்த காற்று கிடையாது. மாணவனுக்கு அது தெரியாது. அவனுக்கு அருமையான, அலுங்காத காலைப் பயணம்.

முதலில் எதுவும் நடக்காது. சுற்றுவேகமானி 2,400இல் நிற்கிறது. கீழே வீடூர் அணை வருகிறது, அவன் வரைபடத்தில் தேடிக் குறிக்கிறான். மறுபடி பார்த்தால் 2,300. விரல் தானாக த்ராட்டிலை ஒரு துளி முன்னே தள்ளுகிறது. 2,400. ஐந்து நிமிடத்தில் மறுபடி 2,300. மறுபடி ஒரு துளி. இப்படித்தான் ஐஸ் ஆளை ஏமாற்றும். தொண்டை அடைபட அடைபட விமானியே அதற்கு ஈடுகட்டிக்கொண்டு போவான், ஈடுகட்ட இடமில்லாமல் போகும்வரை.

மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. கார்ப் ஹீட் என்ற குமிழ். இழுத்தால், புகைக்குழாயைச் சுற்றிச் சூடான காற்று கார்புரேட்டருக்குப் போகும். சிக்கல், அதை இழுத்ததும் நடப்பதில். சூடான காற்று அடர்த்தி குறைந்தது. அதனால் சக்தி இன்னும் குறையும். உருகிய நீர் எஞ்சினுக்குள் போவதால் அது இருமும், உதறும். ஏற்கனவே பயந்திருப்பவன், தான் தொட்டதால்தான் கெட்டது என்று நினைத்துக் குமிழை மறுபடி உள்ளே தள்ளிவிடுவான். அங்கேதான் கதை முடியும். பல்லைக் கடித்துக்கொண்டு அரை நிமிடம், ஒரு நிமிடம் காத்திருந்தால் ஐஸ் உருகி, சுற்றுவேகம் தானாக ஏறும். அதுவும் முழுதாக இழுக்க வேண்டும். பாதி இழுத்து வைப்பது சில சமயம் நிலைமையை இன்னும் கெடுக்கும்; உறையாமல் போயிருக்க வேண்டிய ஈரத்தையும் உறையும் அளவுக்குக் கொண்டுவந்துவிடும்.

தரையிறங்க வரும்போதுதான் அதிக ஆபத்து. த்ராட்டிலைக் குறைத்திருப்போம், அதனால் கார்புரேட்டர் தொண்டையைத் திறந்து மூடும் தகடு ஏறக்குறைய மூடியிருக்கும். இருக்கிற சின்ன இடுக்கை அடைக்க எவ்வளவு ஐஸ் வேண்டும்? எஞ்சினும் ஆறியிருக்கும், பிறகு குமிழை இழுத்தாலும் உருக்கச் சூடு இருக்காது. அதனால்தான் சக்தியைக் குறைப்பதற்கு முன்பே கார்ப் ஹீட்டை இழுக்கச் சொல்கிறார்கள். தரையில் ஊர்ந்து போகும்போது அதைத் தேவையில்லாமல் தொடக் கூடாது. அந்தக் காற்று வடிகட்டி வழியாக வருவதில்லை, நம் ஓடுதளப் புழுதி அத்தனையும் சிலிண்டருக்குள் போகும். இறங்காமல் மறுபடி மேலே எழும்ப வேண்டி வந்தால் குமிழை உள்ளே தள்ள மறக்கவும் கூடாது. சூடான காற்று எஞ்சின் சக்தியில் 15 சதவீதம் வரை தின்றுவிடும்.

இந்த ஐஸுக்கு ஒரு திருட்டுக் குணம் உண்டு. எஞ்சின் நின்று விமானம் வயலில் இறங்கினால், புலனாய்வாளர்கள் வந்து சேருவதற்குள் எஞ்சினின் மிச்சச் சூட்டில் அது உருகி ஓடியிருக்கும். சோதனை மேடையில் ஏற்றினால் எஞ்சின் ஒழுங்காக ஓடும். வெப்பநிலை, ஈரப்பதம், விமானி சொல்லும் கதை ஆகியவற்றை வைத்து ஊகிப்பதைத் தவிர வேறு தடயம் கிடைக்காது. புதிய 172களில் கார்புரேட்டரே கிடையாது, எரிபொருள் நேராகச் செலுத்தப்படுகிறது; அதனால் இந்தத் தொல்லை அவற்றில் இல்லை. பழைய 152இல் பறக்கிறவன் அந்தச் சொகுசை எதிர்பார்க்க முடியாது.

எல்லாம் தவறி 3,000 அடியில் எஞ்சின் நின்றே போனால்? இப்படிப்பட்ட விமானம் காற்றில்லாத நாளில் எட்டு கிலோமீட்டர் போல மிதந்து போகும். விக்கிரவாண்டியைச் சுற்றி அந்த எல்லைக்குள் ஓடுதளம் எதுவுமில்லை. புதுச்சேரி தூரம், நெய்வேலி அதைவிடத் தூரம். நெடுஞ்சாலை நேராக, அகலமாக ஆசை காட்டும். ஆனால் நடுவே தடுப்பு, குறுக்கே மின்கம்பி, எதிரே நிற்காத லாரி. அறுவடை முடிந்த நெல் வயல் அதைவிட நல்லது, வரப்பு போகிற திசையிலேயே இறங்க முடிந்தால். ஆளுயரக் கரும்பு கடைசிப் பட்சம்.

ஓடுதளம் என்று சொன்னதும் உளுந்தூர்பேட்டைக்காரர்கள் கோபித்துக்கொள்ளலாம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் போட்ட ஓடுதளம் ஒன்று அங்கே கைவிடப்பட்டுக் கிடக்கிறதே என்று. அதைப் பற்றி அடுத்த வாரம்.