கதையில் இனிப்பது எது?

"பாடத்தை மூடிவிட்டுக் கதையா படிக்கிறாய்?" என்று வீட்டில் ஏச்சு வாங்காதவர் எங்கள் வகுப்பில் ஒருவரும் இல்லை. ஆயினும் படிக்கிறோம். ஒருத்திக்குக் கல்கியின் குதிரைக் குளம்பொலி வேண்டும்; இன்னொருத்திக்குக் கண்ணீர் வேண்டும்; துப்பறியும் கதையைக் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குகிறவளும் உண்டு. (அவளைத் திருத்த எங்களால் ஆகவில்லை.)

தமிழின் முதல் நாவல் எனப்படும் 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை 1879-இல் வெளியிட்டவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. அவர் கத்தோலிக்கர், முன்சீப்பாகப் பணியாற்றியவர், பெண்கல்விக்காக வாதாடியவர். அந்நாவலில் ஞானாம்பாள் ஆண் வேடத்தில் அரசாள்கிறாள். அந்தப் பகுதியை ஒரே மூச்சில் படித்தோம். நீண்ட அறிவுரைகள் வந்தபோதோ, உண்மையைச் சொன்னால், பக்கங்களைத் தள்ளிவிட்டோம். சகோதரிகள் மன்னிப்பார்களாக! ஞானாம்பாளின் துணிவை நாமே கண்டுகொள்கிறோம். அறிவுரையை நமக்கு யாரோ சொல்கிறார்கள். இனிப்பதற்கும் சலிப்பதற்கும் காரணம் அதுதான் என்று எங்களுக்குத் தோன்றியது.

ஆனால் சாகசமே இல்லாத கதை எப்படி இனிக்கும்? அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலால் எங்களுக்குள் சண்டையே வந்தது. 1970-களில் வந்த புத்தகம். சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம். சினிமாவில் நிலைக்க முடியாத ஜமுனா. அவளுக்குத் தைரியம் சொல்லும் டீச்சரம்மா. பெரும்பாலும் குடமும் குழாயுந்தான். "ஒன்றுமே நடக்கவில்லையே!" என்று பத்துப் பக்கத்தில் மூடிவிட்டாள் ஒருத்தி.

அவள் வீடு ஒரகடம் பக்கம். தகப்பனார் கம்பெனியில் இரவு ஷிப்ட். சென்னைக்குக் குடிநீர் தரும் செம்பரம்பாக்கம் ஏரி இங்கிருந்து தூரமில்லை. ஆனாலும் கோடையில் அவள் தெருவில் லாரிக்காகக் குடங்கள் வரிசையில் காத்திருக்கும். அப்படிக் காத்திருந்த ஓர் இரவில் புத்தகத்தை மறுபடி எடுத்திருக்கிறாள். "இந்தச் சண்டையெல்லாம் எங்கள் தெருச் சண்டைதானடி!" என்று மறுநாள் வந்து சொன்னாள்.

'அடுத்து என்ன நடக்கும்?' என்ற ஆவல் ஒருவகை. 'இதை இவள் எப்படித் தாங்கப் போகிறாள்?' என்ற கவலை வேறுவகை. முன்னதற்கு முடிவு தெரிந்தால் சுவை குறையும். பின்னதற்கு முடிவு தெரிந்தாலும் மறுபடி படிக்கத் தோன்றும். ஜமுனாவைப் போன்றவர்களை நாம் தினமும் கடந்து போகிறோம். அவர்கள் மனத்துக்குள் என்ன ஓடுகிறது என்பதைக் கதைதான் திறந்து காட்டுகிறது.

அவள் அம்மாவுக்குக் கதைப் புத்தகமென்றாலே ஆகாது. "இதைப் படித்தால் வேலை கிடைக்குமா?" என்பவர். லாரி வராத மற்றோர் இரவு, தெருவிளக்கடியில் அவள் இரண்டு பக்கம் உரக்கப் படித்தாளாம். அம்மா குடத்தின்மேல் கைவைத்தபடி ஒன்றும் பேசவில்லை. லாரி வந்தது, தண்ணீர் பிடித்தார்கள். வீட்டுப் படியேறும்போது, "அப்புறம் அந்தப் பொண்ணு என்ன ஆனா?" என்று கேட்டாராம்.