மன்னார்க் கரையில் இரண்டு ரூபாய்

இன்று ஓர் இந்திய ரூபாயை வாங்க ஏறத்தாழ மூன்றரை இலங்கை ரூபாய் வேண்டும். 1966ஆம் ஆண்டின் பிற்பாதியில் கணக்கு தலைகீழாக இருந்தது. அன்று அரசு விகிதப்படி ஓர் இலங்கை ரூபாய்க்கு ஏறத்தாழ 1 ரூபாய் 57 பைசா இந்தியக் காசு கிடைத்தது. அதற்கும் முன்னால், ஏறத்தாழ நூறாண்டு காலம், இரண்டு ரூபாய்க்கும் மதிப்பில் வித்தியாசமே இல்லை.

காசு மாற்றுவது மன்னார்க் கரைக்குப் பழகிய தொழில். ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்திலும் இலங்கையில் இறைசால் என்ற நாணயம் புழங்கியது. அரிப்பு முத்துக்குளிப்புக்கு வந்த தமிழகத்து வணிகர்களின் மடியிலோ வராகன் என்ற வேறொரு காசு. எது எத்தனைக்குச் சமம் என்று சொல்ல நாணயமாற்றுக்காரர் வேண்டியிருந்தது.

இந்திய ரூபாயே இலங்கையின் பணமானதும் இந்தச் சிக்கல் தீர்ந்தது. 1905இல் மரிச்சுக்கட்டியில் நடந்த முத்துக்குளிப்பில் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் கரையேறின. படகுகள் திரும்பியதும் சிப்பிகளைக் கொட்டிலில் குவித்துப் பங்கு பிரிப்பார்கள். மூன்றில் ஒரு பங்கு குளிப்போருக்கு, மற்றது அரசுக்கு. அரசின் பங்கு ஆயிரம் சிப்பி இன்ன விலை என்று ஏலம் போகும். அந்த ஆண்டு அரசுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 25 லட்சம் ரூபாய். கீழக்கரையிலிருந்து வந்தவரும் கொழும்பிலிருந்து வந்தவரும் ஒரே ரூபாயில்தான் விலை கேட்டார்கள்.

சில்லறையில் மட்டும் ஒரு கோணல். இலங்கை 1872 ஜனவரி 1 முதல் ரூபாயை நூறு சதமாகப் பிரித்துவிட்டது. இந்தியாவோ 1957 ஏப்ரல் வரை பதினாறு அணாவை விடவில்லை. நாலணா என்றால் 25 சதம், தொல்லையில்லை. ஓரணா என்றால் ஆறேகால் சதம்! 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ரயிலோடு இணைந்த கப்பல் ஓடத் தொடங்கியபோது, பயணிகள் கடலைத் தாண்டியதும் மாறியது அணாவும் சதமும்தான். ரூபாய் அப்படியே இருந்தது.

இந்தச் சமநிலை தானாக நிற்கவில்லை. இந்திய ரூபாயை வாங்கிக்கொண்டு அதே அளவு இலங்கை நோட்டைக் கொடுப்பதும், நோட்டைத் திருப்பினால் இந்திய ரூபாயைத் தருவதும் இலங்கை நாணயச் சபையின் வேலையாக இருந்தது. 1950 ஆகஸ்டில் மத்திய வங்கி திறக்கப்பட்டதும் அந்தக் கட்டு அவிழ்ந்தது. ஆனாலும் இரு நாடுகளும் டொலருக்கு 4 ரூபாய் 76 சதம் என்ற ஒரே அளவை வைத்திருந்ததால், ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கு மேலும் பதினாறு ஆண்டுகள் நீடித்தது.

1966 ஜூன் 6 அன்று இந்தியா தன் ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. டொலருக்கு 4.76 ஆக இருந்தது 7.50 ஆயிற்று. இலங்கை அசையவில்லை. 7.50ஐ 4.76ஆல் வகுத்தால் வரும் ஏறத்தாழ 1.57தான் மேலே சொன்ன விகிதம். 1967 நவம்பரில் பிரிட்டன் பவுணின் மதிப்பைக் குறைத்தபோது இலங்கையும் இறங்கி, டொலருக்கு 5.95 என்று வைத்தது. அதனால் ஓர் இலங்கை ரூபாய் 1.26 இந்திய ரூபாயாகச் சுருங்கியது.

இந்தத் தசமப் புள்ளிகளுக்குப் பின்னால் மலையகக் குடும்பங்கள் இருந்தன. 1964 அக்டோபர் 30 அன்று இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இந்திய வம்சாவளியினர் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்தது. சேமலாப நிதியும் பணிக்கொடையும் உட்பட ஒரு குடும்பம் கொண்டுபோகக்கூடிய சொத்தின் உச்ச வரம்பை 4,000 ரூபாய்க்குக் கீழே இறக்குவதில்லை என்று இலங்கை ஒப்புக்கொண்டது. கையெழுத்தான நாளில் அது 4,000 இந்திய ரூபாய். அரசு விகிதப்படி பார்த்தால், 1966 ஜூனுக்குப் பிறகு ஏறத்தாழ 6,300. 1967 நவம்பருக்குப் பிறகு ஏறத்தாழ 5,040. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்துவிட்டதால், அவர்கள் தலைமன்னாரில் கப்பலேறி ராமேசுவரத்தில் இறங்கினார்கள். அங்கே வறட்சியாலும் விலைவாசி ஏற்றத்தாலும் அரிசி விலை உயர்ந்திருந்தது. கூடுதலாகக் கிடைத்ததாகத் தோன்றிய பணத்தில் ஒரு பகுதியை அது விழுங்கியது.

இலங்கை ரூபாயின் அரசு மதிப்பும் உண்மை மதிப்பும் ஒன்றல்ல என்பதை அரசே 1968இல் ஒருவகையில் ஒப்புக்கொண்டது. அந்த ஆண்டு வந்த அந்நியச் செலாவணி உரிமைச் சான்றிதழ் முறையில், பல இறக்குமதிகளுக்கு டொலர் வாங்க அரசு விகிதத்துக்கு மேல் 44 சதவீதம் கூடுதலாகக் கட்ட வேண்டியிருந்தது. 1977 நவம்பரில் இரட்டை விகிதம் ஒழிந்தபோது டொலர் சுமார் 16 ரூபாயில் நின்றது. அதன்பின் இந்திய ரூபாயின் கையே ஓங்கியது.

2022 மிகக் கடுமையான பாடம். மார்ச் தொடக்கத்தில் டொலர் இலங்கையில் ஏறத்தாழ 203 ரூபாய், இந்தியாவில் 76. ஆகவே இந்திய ரூபாய் ஒன்று 2.67 இலங்கை ரூபாய். மே நடுவில் டொலர் இலங்கையில் 360ஐத் தொட, இந்தியாவில் சுமார் 77.50 ஆக இருந்தது. விகிதம் 4.6க்கு மேல் போனது. 10,000 இலங்கை ரூபாயின் மதிப்பு இரண்டரை மாதத்துக்குள் சுமார் 3,750 இந்திய ரூபாயிலிருந்து 2,150 ஆகத் தேய்ந்தது. மார்ச் 22 அன்று மன்னார், யாழ்ப்பாணப் பகுதிகளைச் சேர்ந்த 16 பேர் படகில் அகதிகளாகத் தனுஷ்கோடிப் பக்கம் கரை சேர்ந்தது இந்தச் சரிவின் நடுவில்தான்.

மன்னார்க்காரர் ராமேசுவரத்துக் காசின் விலையை அறிய வாஷிங்டனின் காசைத் துணைக்கு அழைக்க வேண்டியிருப்பதை இந்தக் கணக்குகள் காட்டுகின்றன. இரண்டு ரூபாயும் நேரடியாகக் கைமாறுவது குறைவு; இரண்டின் டொலர் விலையையும் வகுத்தே விகிதம் பிறக்கிறது. டொலர் வழியாகச் சுற்றினால் வங்கிக்கு இரண்டு முறை மாற்றுச் செலவு அழ வேண்டும். 2022 ஜூலையில் இந்திய ரிசர்வ் வங்கி வெளிநாட்டு வணிகத்தை இந்திய ரூபாயிலேயே தீர்த்துக்கொள்ள வழிசெய்தபின், அந்த ஏற்பாட்டில் இலங்கை வங்கிகளும் கணக்குத் திறந்திருக்கின்றன. 2024 பிப்ரவரி 12 முதல் இந்தியப் பயணிகள் இலங்கைக் கடைகளில் யூபிஐ மூலமும் பணம் செலுத்தலாம். கடைக்காரர் கையில் இலங்கை ரூபாயாகவே வந்துசேரும். மாற்று விகிதத்தைக் கைபேசித் திரையில் பார்த்துவிட்டுத்தான் வாங்குபவர் விரலை அழுத்துகிறார்.