கடலடி மின்சாரமும் மறைந்து நிற்கும் அலைவும்

நோர்வேயின் தொன்ஸ்தாட் என்னும் ஊரிலிருந்து ஜேர்மனியின் வில்ஸ்ரர் வரை 623 கிலோமீற்றர் நீளமான மின்னிணைப்பு ஒன்று செல்கின்றது. அதன் பெரும்பகுதி கடலடியிலே கிடக்கின்றது. நோர்ட்லிங்க் எனப்படும் இவ்விணைப்பு 2021ஆம் ஆண்டு மே மாதம் முறைப்படி திறந்துவைக்கப்பட்டது. அது சுமக்கக்கூடிய வலு 1,400 மெகாவாற்று. இத்துணைத் தூரம் கடலடி வடத்தில் ஆடலோட்டத்தை அனுப்புதல் நடைமுறைக்கு ஒவ்வாது. வடமே பெருங்கொள்ளளவி போலாகி, தன்னை நிரப்பி வெறுமையாக்கவே ஓட்டத்தைச் செலவிட்டுவிடும். ஆகவே ஒரு கரையில் நேரோட்டமாக மாற்றி, மறுகரையில் மீண்டும் ஆடலோட்டமாக்குகின்றனர்.

முன்பு பாடசாலையில் நான் நேரோட்டத்தைக் கரும்பலகையில் நேர்கோடாக வரைவேன். கொள்ளளவி அலைவை நீக்கிவிடும் என்று கூறி அடுத்த பாடத்துக்குச் சென்றுவிடுவேன். நீக்கிய அலைவு எங்கே போயிற்று என்று எந்த மாணவரும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

அது எங்கும் போகவில்லை, கொள்ளளவிக்குள்ளேயே இருக்கின்றது. ஊரில் துலா மிதித்து இறைத்ததைப் பெற்றோர் மறந்திருக்கமாட்டார்கள். பட்டை நீர் விட்டுவிட்டு விழும். தொட்டியின் மட்டம் ஏறித் தாழும். வாய்க்காலிலோ நீர் ஏறக்குறையச் சீராக ஓடும். இன்றைய மாற்றிகளில் ஆறு கிளைகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் பல கொள்ளளவிகள் அடுக்கப்பட்டிருக்கும். ஆடலோட்டம் செக்கனுக்கு 50 முறை ஆட, அவற்றிலுள்ள சக்தியும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அழுத்தம் மிகையாக ஏறினால் குறைகடத்தி ஆளிகள் பழுதுறும். மிகையாகத் தாழ்ந்தால் வேண்டிய அலைவடிவம் அமையாது. நடுமட்டத்துக்கு மேலும் கீழும் 10 சதவீதமளவு அலைவைப் பொறியியலாளர் பொதுவாக ஏற்றுக்கொள்கின்றனர்.

அதைக் குறைக்க வழிகள் உண்டு. கொள்ளளவை இருமடங்காக்கினால் அலைவு ஏறக்குறையப் பாதியாகும். பாரமும் விலையும் இடமும் கூடும். மற்றைய வழி நுட்பமானது. கிளைகளுக்குள்ளேயே சுழலுகின்ற ஓர் ஓட்டத்தை, ஆடலோட்டத்தின் இருமடங்கு அதிர்வெண்ணில், காலம் பார்த்துச் செலுத்துவது. அது வடத்துக்கும் செல்லாது, வீடுகளுக்கும் செல்லாது. ஒரு கிளையின் மிகையை மற்றொன்றின் குறைவுக்கு ஈடாக்கும். ஆனால் ஓடும் ஓட்டம் எதுவாயினும் வெப்பத்தை உண்டாக்கும். கடத்தியில் ஓட்டம் 10 சதவீதம் கூடினால் வெப்பம் 21 சதவீதம் கூடும் என்பதை உயர்வகுப்பு மாணவர் தாமே கணித்துப் பார்க்கலாம்.

இத்தகைய நிலையம் ஒன்றில் இழக்கப்படுவது ஏறக்குறைய 1 சதவீதமே. சிறிது என்று எண்ணிவிடாதீர்கள். 1,400 மெகாவாற்றில் அது 14 மெகாவாற்று. 2 கிலோவாற்று அறைச்சூடாக்கிகள் 7,000க்குப் போதுமானது. தரையிலுள்ள நிலையத்தில் பெரிய கொள்ளளவிகளுக்கு இடம் தேடலாம். வடகடலின் காற்றாலை மின்சாரத்தைக் கரைக்கு அனுப்பும் கடல்மேடையிலோ ஒவ்வொரு தொன் பாரத்துக்கும் மேலும் உருக்கு வேண்டும். அங்கே அதே கணக்கைப் புதிதாகச் செய்யவேண்டியிருக்கின்றது.