மயில், ஆப்பு, ஊர்

ஒரு படப் புதிர். முதலில் ஒரு மயில். பக்கத்தில், மரம் பிளக்கிற ஆப்பு. அடுத்து ஓர் ஊர். சேர்த்துச் சொல்லுங்கள்... மயிலாப்பூர்! தட்டில் ஓர் அடை, பக்கத்தில் 6 என்ற எண். இது? அடையாறு!

படத்தின் பொருளை விட்டுவிட்டு ஒலியை மட்டும் எடுத்துக்கொள்ளும் இந்த விளையாட்டுதான், எழுத்து வளர்ந்த வழி. பழைய சுமேரிய மொழியில் அம்புக்கும் உயிருக்கும் 'தி' என்று ஒரே ஒலி. அதனால் அம்பை வரைந்து உயிரைக் குறித்தார்கள்.

இன்னும் படிக்கப்படாத சிந்துவெளி எழுத்திலும் இதே வழியைத் தேடுகிறார்கள். அந்த முத்திரைகளில் அடிக்கடி வருவது மீன் குறி. தமிழிலோ நீரில் நீந்துவதும் மீன், வானில் மின்னுவதும் மீன். அந்தக் குறி விண்மீனாக இருக்கலாம் என்றார் ஹென்றி ஹீராஸ் பாதிரியார். ஏழு கோடுகளோடு மீன் வந்தால் எழுமீன், அதாவது சப்தரிஷி மண்டலம் என்கிறார் பின்லாந்து அறிஞர் அஸ்கோ பர்ப்போலா. அந்தக் குறிகளையெல்லாம் தொகுத்து 1977இல் நூலாகத் தந்தவர் நம் ஐராவதம் மகாதேவன். அடையாற்றை அடுத்த தரமணியில், ரோஜா முத்தையா நூலகத்தின் சிந்துவெளி ஆய்வு மையத்தில் அந்தத் தேடல் தொடர்கிறது.

எல்லோரும் ஏற்கும் விடை இன்னும் வரவில்லை. இன்று படப் புதிர் போடும் குழந்தைகளில் ஒருவர் நாளை அதைக் கண்டுபிடிக்கட்டும்!