மேலும் காண்க

சோழநாட்டுக் கடற்கரை தெற்கு நோக்கி ஓடி, சட்டென மேற்கே திரும்பும் முனையில் அமைந்துள்ளது கோடியக்கரை. ஊர் ஒன்று, பெயர்கள் பல. கோடிக்கரை என்பாரும் உளர். சுந்தரர் பாடிய தலமாகக் கொள்வோர்க்கு அது கோடிக்குழகர். ஆங்கில நிலப்படங்களில் பாயின்ட் கலிமர். கலைக்களஞ்சியம் தொகுப்பவர் ஒரு தலைப்பின்கீழ்ச் செய்தி முழுவதையும் எழுதிவிட்டு, ஏனைய பெயர்களுக்கு நேரே ‘கோடியக்கரை காண்க’ எனக் குறிப்பார். இஃது எளிய பணி.

கட்டுரையின் இறுதியில் ‘மேலும் காண்க’ என எவற்றைச் சுட்டுவது என்பதே அரிய பணி. வேதாரண்யம், 1930ஆம் ஆண்டின் உப்புச் சத்தியாகிரகம், வெளிமான், பூநாரை, வலசை, சதுப்புநிலம், வங்கக்கடல், இந்தியா என யாவும் கோடியக்கரையோடு தொடர்புடையனவே. அனைத்தையும் அடுக்கினால் படிப்பவர் ஒன்றையும் திறந்து பாரார். பூநாரைகள் குளிர்காலத்தில் இங்கு வந்து தங்கும் எனப் படித்தவர் மனத்தில் ‘ஏன் வருகின்றன?’ என்னும் வினா எழும். அவருக்கு வேண்டுவது ‘வலசை’, ‘இந்தியா’ அன்று. தொடர்புடையது எது என்று பார்ப்பதைவிட, படித்து முடித்தவர் அடுத்து எதை வினவுவார் என்று பார்ப்பதே தொகுப்பாளரின் வேலை.

தமிழ் நூல்மரபு இதனை நெடுங்காலமாக அறிந்துள்ளது. பவணந்தி முனிவர் நன்னூலில் கூறும் 32 உத்திகளுள், பின்னர் வருவதைச் சுட்டும் ‘உரைத்தும் என்றல்’, முன்னர் வந்ததை நினைவூட்டும் ‘உரைத்தாம் என்றல்’, ஓரிடத்து இலக்கணத்தை அதனோடு ஒத்த பிறிதோர் இடத்துக்கும் பொருத்திக் காட்டும் ‘மாட்டெறிந்து ஒழுகல்’ ஆகியன உள்ளன. எனினும் நன்னூலைப் பயில்பவர் முதலிலிருந்து முறையாகப் பயில்வார். அருகில் ஆசிரியரும் இருப்பார். கணினிக் கையேட்டைத் திறப்பவர்க்கு இவ்விரண்டும் இல்லை. வேலை நடுவே தடுமாறி நிற்கும்போதுதான் அவர் அதனைத் திறக்கிறார்.

கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோரின் யூனிக்ஸ் கையேட்டின் முதற்பதிப்பு 1971 நவம்பர் 3ஆம் நாளிட்டது. ஒரு கட்டளைக்கு ஒரு விளக்கம். அதன் பிற்பகுதியில் ‘மேலும் காண்க’ என்னும் பொருளுடைய ஒரு தலைப்பு. இன்றைய லினக்ஸ் கணினிகளிலும் இவ்வமைப்பே தொடர்கிறது. முனையத்தில் ‘மேன்’ என்று தட்டி, கட்டளையின் பெயரைச் சேர்த்தால் விளக்கம் திரையில் தோன்றும். இதற்கு இணையம் தேவையில்லை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தபின், வேதாரண்யம் வட்டாரத்தில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் பல நாள்கள் தடைப்பட்டன. அத்தகைய நாளிலும் மடிக்கணினியின் மின்கலத்தில் ஆற்றல் உள்ளவரை இக்கையேடு பயன்படும். கேட்பதற்கு வேறு எவரும் இல்லாதபோது, எப்பக்கம் போவது என்று காட்டுவது அந்தக் கடைசிப் பட்டியல் மட்டுமே.

‘ஆர்எம்’ என்னும் கட்டளையைக் காண்போம். இது கோப்பை நீக்கும். நீக்கியதைக் குப்பைத்தொட்டியில் சேர்த்து வைப்பதில்லை. லினக்ஸில் இதன் பக்கம் சுட்டுவன மிகச் சிலவே. அவற்றுள் ஒன்று ‘ஷ்ரெட்’. ஆர்எம் நீக்கிய கோப்பின் உள்ளடக்கத்தைத் திறமுடையோர் மீட்டெடுக்கக் கூடும்; ஷ்ரெட் அதன்மேல் வேறு தரவுகளை எழுதி, மீட்பதை அரிதாக்கும். பழைய கணினியைப் பிறருக்குத் தருபவர்க்கு இது வேண்டும். மற்றொன்று ‘சேட்டர்’. நிருவாகி உரிமையுடையவர் இதனால் ஒரு கோப்பை எவரும் நீக்க இயலாதபடி பூட்டலாம். அழிக்க விரும்புவோர், காக்க விரும்புவோர் என எதிரெதிர்த் தேவையுடைய இருவருக்கும் அங்கே வழி உண்டு. கோப்புகளைப் பட்டியலிடும் ‘எல்எஸ்’ கட்டளையும் கோப்புகளைப் பற்றியதே. ஆயினும் அது அங்கே இடம்பெறவில்லை. நல்ல தேர்வு எனலாம்.

இனி ஒரு குறை. குறித்த நேரத்தில் தானாகவே ஒரு வேலையைச் செய்விக்க உதவுவது ‘கிரான்டேப்’. நாள்தோறும் காலை 6 மணிக்குப் பறவைக் கணக்கெடுப்புக் கோப்பைப் படியெடுக்க விரும்பும் மாணவி அப்பக்கத்தைத் திறக்கிறாள் எனக் கொள்வோம். கட்டளையை இயக்கும் முறை அங்கே உள்ளது. நிமிடம், மணி, நாள், மாதம், கிழமை என நேரத்தை எழுதும் முறையோ வேறு பக்கத்தில் உள்ளது. அதன் பெயரும் கிரான்டேப்பே! முன்னது கட்டளைகளுக்குரிய 1ஆம் பிரிவு. பின்னது கோப்பு வடிவங்களுக்குரிய 5ஆம் பிரிவு. பட்டியலில் ‘கிரான்டேப் (5)’ என்று மட்டும் இருக்கும். அடைப்புக்குறிக்குள் உள்ள எண்ணைக் கவனியாதவள் பெயரை மட்டும் தட்டி, புறப்பட்ட பக்கத்துக்கே திரும்பி வருவாள். கோடியக்கரையில் ஓர் ஊருக்குப் பல பெயர். இங்கோ இரு பக்கங்களுக்கு ஒரே பெயர்.

பட்டியலை முதலில் பிரிவு எண்ணாலும், பின் அகரவரிசையாலும் அமைப்பதே லினக்ஸ் கையேட்டு மரபு. எனவே முதலில் நிற்பது முதன்மையானது என்று கொள்ளுதலும் இயலாது. பெயரோடு காரணத்தையும் அரைவரியில் சேர்ப்பது இதற்கு எளிய தீர்வு: ‘நேரத்தை எழுதும் முறை அறிய, கிரான்டேப் (5) காண்க.’